தொகுத்தால் போதுமா? வகுக்க வேண்டாவா?

பாத்தியில் விளைந்த உப்பு வாரப்படாமல் கிடந்தால் அடுத்த மழையில் கரைந்துபோம். விளைவித்தால் மட்டும் போதாது; உலைக்கு வந்து சேரவும் வேண்டும். தமிழ்ச் செல்வங்களை இணையத்தில் ஏற்றுவோர், மரக்காணத்து உப்பள உழைப்பாளியிடம் இவ்வுண்மையைக் கற்றல் வேண்டும்.

ஏற்றும் பணி நடவாமல் இல்லை. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முதலாக, எண்ணற்ற தமிழ்நூல்கள் வலைத்தளங்களில் குவிந்துள்ளன. ஆயின், குவியல் வேறு, ஒழுங்கு வேறு.

மரக்காணத்திற்குத் தெற்கே, வானூர் வட்டத்து இரும்பையையே எடுத்துக்கொள்க. இவ்வூர்க் கோயிலுக்கு ஞானசம்பந்தர் பாடிய பதிகம், இரண்டாம் திருமுறையில் 117-ஆவது, பண் செவ்வழி. இவ்வூர்ச் சிறுமி ஒருத்தி அதனைக் கைப்பேசியில் தேடினால், 'இரும்பை' என்று இகரத்திலன்றோ தேடுவாள்? பட்டியலிடுவோரோ ஊர்தோறும் 'திரு' என்னும் அடைகூட்டி, எல்லாவற்றையும் தகரத்தில் அடைத்துவிடுகின்றனர். 'மாகாளம்' என்று தேடினாலோ, சோழநாட்டு அம்பர் மாகாளம் வந்து நிற்கும். தன் ஊர்ப் பாட்டு தனக்கே கிட்டாமற் போவது எத்துணை இழிவு!

நம் முன்னோர் இப்பிழை செய்தாரல்லர். பாடுவார்க்குப் பண்முறை, ஊர்தோறும் சென்று வழிபடுவார்க்குத் தலமுறை எனத் தேவாரத்தை இருவழியாக வகுத்தனர். சொல் தேடுவார்க்கென 1594-இலேயே அகராதி நிகண்டை எழுத்து வரிசையில் அமைத்தார் சிதம்பர இரேவண சித்தர். தேடுவோன் யார், எதற்குத் தேடுகிறான் என்று எண்ணிய பின்னரே அவர்கள் அடுக்கினர்.

இன்றோ எழுத்து வரிசையே தலைகீழாகிறது. கவலை, கழனி, களர் என்பதே தமிழ்முறை. நாகரி ஒழுங்கைத் தழுவிய ஒருங்குறி எண்களின்படி அடுக்கினால் களர், கழனி, கவலை என்றாகும். இதனைத் திருத்தும் வரிசை நெறிகள் கணிப்பொறிக்கு வகுக்கப்பட்டிருந்தும், அவற்றைக் கையாளாமல் விடுவது சோம்பலேயன்றி வேறன்று.

ஆகவே, வலைத்தளம் அமைக்கும் தமிழர் செய்ய வேண்டுவன இவை: மக்கள் வழங்கும் பெயரையே தலைப்பாக்குக, மாற்றுப் பெயர்கள் அனைத்தும் அப்பக்கத்திற்கே வழிகாட்டுக, நெடுங்கணக்கு முறையில் அடுக்குக, நூற்பக்கங்களை வெறும் படமாக வைக்காமல், தேடத்தக்க எழுத்தாக இடுக. முடிந்தபின், பள்ளிப் பிள்ளையொருவனைத் தேடச் சொல்லி அருகிருந்து பார்க்க. அவன் தடுமாறும் இடமே நாம் திருத்த வேண்டிய இடம்.

தேடுவார் கைக்கு எட்டாத நூல், கறையான் தின்ற ஏட்டினும் மேலானதன்று. தொகுத்தோம் என்று மகிழ்ந்திருந்தது போதும், இனி வகுப்போம்!