அந்த ஓர் இரவு உண்மையில் இலவசமா?

ஸ்டார் ஹோட்டலில் ஒரு ராத்திரி சும்மா தங்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? மேரியட் பான்வாய் எச்.டி.எஃப்.சி. கிரெடிட் கார்டின் வரவேற்புச் சலுகை அதுதான். 2023 ஆகஸ்டில் அறிமுகமானபோது ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 3,540. பதிலுக்கு, 15,000 பாயின்ட் வரையுள்ள அறையில் ஓர் இரவு. ஓராண்டுக்குள் பயன்படுத்தியாக வேண்டும்.

அறை வாடகை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,460 லாபம். ஆனால், பாயின்ட் விலை தேதிக்குத் தேதி மாறும். பொங்கல் லீவில் அதே அறை 15,000-ஐத் தாண்டிவிடலாம்.

காரைக்குடிப் பக்கம் வலையபட்டியில் இருப்பவருக்குக் கணக்கே வேறு. செட்டிநாட்டில் பெயர்பெற்ற பங்களா, விசாலம் இரண்டுமே மேரியட் கிடையாது. கோர்ட்யார்டில் தங்க மதுரைக்கோ திருச்சிக்கோ போகணும். வண்டிச் செலவும் சாப்பாடும் கைக்காசு. போதாக்குறைக்கு இது டைனர்ஸ் கிளப் கார்டு. ஊர்க் கடையில் எடுப்பார்களா என்று முதலில் விசாரிப்பது நல்லது.

சென்னை, பெங்களூரு என்று போய், எப்படியும் காசு கொடுத்துத் தங்குகிறவர் தாராளமாக வாங்கலாம். பாக்கி வைத்துக் கட்டுகிறவர் பக்கமே போக வேண்டாம். கார்டு வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல். 40,000 ரூபாய் பாக்கி நின்றால், நாலே மாதத்தில் அந்த 4,460-ம் காலி.