கடைசி வீட்டுக்கு எப்போது போய்ச் சேரும்?



2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. கொரோனாவைத் தடுக்க, மாலை 6 மணியிலிருந்து தமிழ்நாடு முழுவதும் 144 தடை உத்தரவு என்று அறிவித்திருந்தார்கள். அன்று பகலில் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் மளிகைக் கடைகளில் எப்படிக் கூட்டம் நெரித்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அதில் நின்றிருப்பீர்கள். வழக்கமாக ஒரு கிலோ துவரம் பருப்பு வாங்குகிறவர் ஐந்து கிலோ கேட்டார். பக்கத்தில் நின்றவர் அதைப் பார்த்துவிட்டுப் பத்து கிலோ கேட்டார். இரவு 8 மணிக்குப் பிரதமர் டி.வி.யில் வந்து, நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்றார். அதற்குள் பல கடைகளில் ரவையும் மைதாவும் தீர்ந்துபோயிருந்தன.

இத்தனை வருடம் கழித்து இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, நினைவிருக்கிறதா? சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, திருக்கோவிலூர்ப் பக்கம் தண்ணீர் சூழ்ந்தபோது நம் ஊர்க் கடைகளில் அதே பரபரப்புதான். பால் பாக்கெட், பிரெட், மெழுகுவத்தி. ‘ரெட் அலர்ட்’ என்ற சொல் காதில் விழுந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அடுத்த முறையும் ஓடுவோம். அதனால் இப்போதே, நிதானமாக இருக்கும்போதே, பேசிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. 2020 மார்ச்சில் நாட்டில் உணவுப் பொருள் உண்மையிலேயே பற்றாக்குறையாக இருந்ததா?

இல்லை. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்திய உணவுக் கழகத்தின் கணக்கில் இருந்த அரிசியும் கோதுமையும் சேர்ந்து 5 கோடி டன்னுக்கும் மேல். அந்தத் தேதிக்கு இருக்க வேண்டிய கையிருப்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். கள்ளக்குறிச்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுற்றிலும் அரிசி ஆலைகள். அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் ஊரில்தான் அரிசிக்கு அடித்துக்கொண்டோம்.

தடைபட்டது வழிதான். துவரம் பருப்பு கர்நாடகத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வர வேண்டும். லாரிகள் மாநில எல்லைகளில் நின்றன. சாலையோர ஓட்டல்கள் மூடியதால் ஓட்டுநர்களுக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. பலர் வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குக் கிளம்பினார்கள். மூட்டை இறக்க ஆள் இல்லை. அத்தியாவசியம், மற்றது என்று பிரிக்காமல் எல்லாச் சரக்கையும் விடுங்கள் என்று மத்திய உள்துறை அமைச்சகம் விளக்கம் கொடுத்ததே மார்ச் 29-ஆம் தேதிதான். அந்த நாலைந்து நாள் இடைவெளியில்தான் கடைக்காரரின் அலமாரி காலியானது, நம் வீட்டு அலமாரி நிரம்பியது.

உலகம் முழுக்க இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் டாய்லெட் பேப்பருக்குச் சண்டை போட்டார்கள். பிரிட்டனில் ஓர் ஆளுக்கு இத்தனைதான் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். முதியவர்கள் பொருள் வாங்குவதற்கென்றே அங்கே சில சூப்பர் மார்க்கெட்டுகள் தனி நேரம் ஒதுக்கின என்பதையும் சொல்ல வேண்டும். அது நல்ல யோசனை. நம் ஊரில் அப்படி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சரி, இந்தப் பரபரப்பு கல்வராயன் மலையில் என்ன செய்தது? நான் உங்களிடம் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி நான்கே மாதம். 2019 நவம்பர் 26-இல்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. மலைக்கு வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட தாலுகா. கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஏற வேண்டும். மேலே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று எட்ட எட்ட இருக்கின்றன. ஒரு வளைவில் பத்து வீடு, அடுத்த மேட்டில் இருபது வீடு.

அங்கே இருக்கும் பெட்டிக்கடையை எண்ணிப் பாருங்கள். அந்தக் கடைக்காரர் கீழே வந்து மொத்த வியாபாரியிடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரக்கு எடுப்பார். பஸ்ஸிலோ டாடா ஏஸிலோ ஏற்றிக்கொண்டு போவார். ஊரடங்கில் பஸ் இல்லை. மார்ச் 29 முதல் மளிகைக் கடைகள் மதியம் 2.30 மணி வரை; ஏப்ரல் 5 முதல் அதையும் குறைத்து 1 மணி வரை என்றார்கள். டவுனில் இருக்கும் நமக்கு அது சின்ன அசௌகரியம். காலையில் டீ குடித்துவிட்டுப் போய் வாங்கிவிடலாம். மலையிலிருந்து இறங்கி, வழியில் போலீஸ் நிறுத்தினால் பதில் சொல்லி, வரிசையில் நின்று, ஒரு மணிக்குள் வாங்க வேண்டும் என்றால்? அவர் வந்து சேரும்போது மொத்தக் கடையில் என்ன மிச்சம் இருக்கும்?

நாம் தேவைக்கு மேல் எடுத்த நான்கு கிலோ பருப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுதான் விடை. அது குடோனிலிருந்து வரவில்லை. மேலே ஏறியிருக்க வேண்டிய சிப்பத்திலிருந்து வந்தது.

ரேஷன் கடை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அது இருந்ததால்தான் பலர் பிழைத்தார்கள் என்று மனதாரச் சொல்வேன். அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாய் ரொக்கம். ஏப்ரல் மாதத்து அரிசி, சர்க்கரை, பருப்பு, எண்ணெய் இலவசம். மத்திய அரசின் திட்டத்தில் ஆளுக்கு 5 கிலோ கூடுதல் அரிசி. டோக்கன் கொடுத்து, நாள் குறித்து, இடைவெளி விட்டு நிற்க வைத்து, ரேஷன் கடை ஊழியர்கள் அந்த மாதங்களில் செய்த வேலை சாதாரணமானதல்ல. மாஸ்க்கூடச் சரியாகக் கிடைக்காத நாட்கள் அவை. டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் கை தட்டினோம். எடை போட்டுக் கொடுத்தவர்களுக்கும் சேர்த்துத் தட்டியிருக்கலாம்.

ஆனால் அரிசி மட்டும் இருந்தால் சாப்பாடு ஆகிவிடுமா? குழம்பு வைக்க என்ன செய்வது? சோப்புக்கு, உப்புக்கு, மிளகாய்த் தூளுக்கு, கைக்குழந்தைக்குப் பால் பவுடருக்குக் கையில் காசு வேண்டாமா?

அந்தக் காசு வரும் காலம்தான் மார்ச், ஏப்ரல். புளி அடித்து, கொட்டை எடுத்து விற்கிற பருவம். கடுக்காயும் அதையொட்டித்தான். வாரச் சந்தை மூடி, வியாபாரியும் மலையேறாவிட்டால் வீட்டில் குவிந்து கிடக்கும் புளி காசாகாது. மரவள்ளியின் நிலைமை இன்னும் மோசம். கிழங்கைத் தோண்டி எடுத்த இரண்டு மூன்று நாளில் சேகோ ஆலைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். ஆலைகள் எல்லாம் சேலம், ஆத்தூர்ப் பக்கம். லாரி ஓடாத மாதத்தில் மரவள்ளிக்காரர் என்ன செய்வார்? நூறு நாள் வேலையும் நின்றிருந்தது. ஏப்ரல் 20-க்குப் பிறகுதான் அதற்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது.

இன்னொன்றும் நடந்தது. மலையில் பிள்ளைகள் பலர் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறவர்கள். மூன்று வேளையும் அங்கேதான் சாப்பாடு. மார்ச் நடுவில் பள்ளிகளை மூடியதும் அத்தனை பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வெளியூர் வேலைக்குப் போயிருந்த அப்பாவும் அண்ணனும் திரும்பி வந்தார்கள். வருமானம் நின்ற அதே வாரத்தில் வீட்டில் சாப்பிடும் தட்டுகள் கூடின. இதையெல்லாம் எந்தத் தட்டுப்பாட்டுக் கணக்கில் எழுதுவது?

மலைக்கு நடுவே மாவட்ட எல்லை வேறு. கருமந்துறை சேலம் மாவட்டம், வெள்ளிமலை கள்ளக்குறிச்சி மாவட்டம். சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். கொடுத்து வாங்கிப் பழகிய ஊர்களுக்கு நடுவே இ-பாஸ் என்று ஒன்று வந்து நின்றது.

முந்தைய தலைமுறை இதை எப்படிச் சமாளித்திருக்கும்? மலை வீடுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் இருக்கும். சாமை வருடக்கணக்கில் கெடாது. மழை பொய்த்தாலும் பாதை அடைத்தாலும் கஞ்சிக்கு வழி இருக்கும். மரவள்ளி பரவிய பிறகு சாமை விதைக்கும் நிலம் சுருங்கிவிட்டது. விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். காசு வருகிற பயிரைத்தானே யாரும் போடுவார்கள்? அரசு சாமையை நல்ல விலைக்கு எடுத்து, அதே மலையின் ரேஷன் கடையில் கொடுத்தால் அவர் ஏன் விதைக்க மாட்டார்? 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்களே, கல்வராயன் மலைக்கும் அதுபோல ஒன்று வரலாமே. மலைவாழ் மக்களுக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

மே மாதம் வந்தது. கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று பரவி, மே 5-ஆம் தேதி அதை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நம் பக்கத்துப் பிள்ளைகள் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் திரும்பினார்கள். ‘கோயம்பேடு ஆளு’ என்று அவர்களை எப்படிப் பேசினோம்! ஊருக்குள் விடுவதா வேண்டாமா என்று பஞ்சாயத்து பேசினோம். அந்தக் குடும்பங்களுக்கு மளிகை கொடுக்கக் கடைக்காரர்கள் தயங்கினார்கள். ஊரடங்கிலும் சென்னைக்குத் தக்காளியும் வெங்காயமும் தடையில்லாமல் போய்ச் சேரக் காரணமே அந்தக் கைகள்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

அந்த நாட்களில் நம்மைத் தாங்கியது தெருமுனைக் கடையின் கணக்கு நோட்டு. ‘அப்புறம் கொடு’ என்று எழுதிக்கொண்டு சாமானைக் கட்டிக் கொடுத்த கடைக்காரர்கள் எத்தனை பேர்! அவர்களில் சிலருக்கு அந்தப் பணம் முழுதாகத் திரும்பவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அரசும் பாடம் படித்தது. 2020 செப்டம்பர் 21-ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க 3,501 நகரும் ரேஷன் கடைகள் தொடங்கப்பட்டன. மலைக் கிராமங்களுக்கும் தொலைவில் இருக்கும் சிற்றூர்களுக்கும் வண்டியிலேயே பொருள் போகும். அருமையான திட்டம். ஆனால் கடும் ஊரடங்கு மாதங்கள் அதற்குள் கடந்துவிட்டன. மார்ச்சில் அந்த வண்டிகள் இருந்திருந்தால்? 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டு வாசலுக்கே வருகிறது. இதையும் மனதார வரவேற்கிறேன். கேட்பது ஒன்றுதான்: இந்த மாதிரித் திட்டங்களுக்கு ரூட் போடும்போது தாலுகா ஆபீஸிலிருந்து தொடங்காமல், மலை உச்சியின் கடைசி வீட்டிலிருந்து தொடங்கிப் போடுங்கள். பாதை அடைத்தால் அந்த வீட்டுக்கு எத்தனை நாள் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்கெடுங்கள். மழைக்காலத்துக்கு முன்னாலேயே இரண்டு மாதப் பொருளை மேலே ஏற்றி வையுங்கள்.

கல்வராயன் மலை செய்தியில் அடிபடுவது பெரும்பாலும் சாராயத்தை வைத்துத்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் அத்தனை உயிர்கள் போன பிறகுதான், மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, பஸ், ஆஸ்பத்திரி என்று அப்போது பேசப்பட்ட ஒவ்வொன்றும் 2020-இலும் இல்லாதவைதான். பசியோடு இருந்தபோது யாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேறவில்லை.

நம் பங்கு என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ‘ரெட் அலர்ட்’ வரும்போது ஒரு வாரத்துக்கு வேண்டியதை வாங்குங்கள், போதும். ரேஷன் அரிசி தேவைப்படாத வீடு என்றால் வாங்கி மாட்டுக்குப் போடாதீர்கள், அடுத்தவருக்கு விற்காதீர்கள். வேண்டாம் என்று விட்டுக்கொடுக்க வழி இருக்கிறது. உணவு வழங்கல் துறையில் சொன்னால் அட்டையை மாற்றிக் கொடுப்பார்கள். கடன் நோட்டில் பாக்கி இருந்தால் இந்த மாதம் கொடுத்துவிடுங்கள்.

எங்களுக்கு ஒரு உதவியும் செய்யுங்கள். உங்கள் ஊர் ரேஷன் கடை வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், மாதத்தில் எத்தனை நாள் திறக்கிறது, நகரும் வண்டி வருகிறதா, வந்தால் எந்தக் கிழமை என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். வெள்ளிமலை, கரியாலூர், கருமந்துறைப் பக்கத்து வாசகர்கள் கட்டாயம் எழுதுங்கள். உங்கள் கடிதங்களை முதல் பக்கங்களில் வெளியிட்டு, கலெக்டர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்