மணி கண்ட ஐரோப்பா



இரண்டு திங்களாக இப்பகுதி வெளிவராதது கண்டு சிலர் கடிதம் எழுதினர். சிலர் சங்கக் கூட்டத்தில் என் தம்பியை நிறுத்திக் கேட்டனர். அவ்வன்புக்கு நன்றி. உடல்நலத்துக்குக் குறைவொன்றும் இல்லை. நெதர்லாந்தில் வாழும் மகளிடம் நானும் என் துணைவியாரும் சென்றிருந்தோம். அங்கிருந்து ஏழு வாரம், ஆறு நாடுகள், ஏறத்தாழ 3500 கிலோமீட்டர் தொலைவைச் சாலை வழியாகவே சுற்றிவந்தோம். தங்குவதற்கு விடுதி தேடவில்லை. வீட்டையே காரின் பின்னால் பூட்டி இழுத்துச் சென்றோம். மனிதர் நால்வர். உடன் வந்தோர் இருவர்: மணி என்னும் நாய், சுந்தரி என்னும் பூனை.

சுந்தரி அந்நாட்டுக்காரி. மணி நம்மவன். நம் சங்கத்துப் பொங்கல் விழாக்களில், பந்தி முடியும் வரை வாசலில் பொறுமையாகக் காத்திருந்த பழுப்பு நிற நாயைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். புனேயில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையருகே பிறந்து, மகளின் கைச்சோற்றில் வளர்ந்தவன் அவன். மகள் குடிபெயர்ந்தபோது அவனையும் அழைத்துச் செல்ல விரும்பினாள். எளிய செயல் என்றே எண்ணினோம்.

விதிகளைப் படித்த பின்னரே உண்மை விளங்கிற்று. முதலில், அரிசி மணி அளவுள்ள மைக்ரோசிப் ஒன்றை நாயின் தோலுக்கடியில் பொருத்த வேண்டும். பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. முப்பது நாள் கழித்துக் குருதி எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, நோயெதிர்ப்பு ஆற்றல் உரிய அளவில் உண்டு என்று சான்று பெற வேண்டும். குருதி எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று திங்கள் காத்திருக்க வேண்டும். மகள் முன்னே சென்றுவிட்டாள். மணி எங்களிடம் நான்கு திங்களுக்கு மேல் தங்கினான். மாலை ஆறு மணிக்கு அவளுடைய அலுவலகப் பேருந்து வந்து நிற்கும் இடத்துக்கு நாள் தவறாமல் சென்று நின்றான். பேருந்து போன பின் தலை தாழ்த்தித் திரும்பினான்.

“ஜப்பானிலிருந்து போகும் நாய்க்கு இந்தக் குருதிச் சோதனை கிடையாதாமே! நம் பிள்ளைக்கு மட்டும் ஏன்?” என்று துணைவியார் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. நம் நாட்டை இழிவு செய்கிறார்கள் என்று சினமே கொண்டேன். அவ்வினாவுக்கு விடை இப்பயணத்தில் கிடைத்தது.

கேரவன் என்பது சக்கரம் பூண்ட ஓரறை வீடு. பகலில் உண்ணும் மேசை இரவில் கட்டிலாகும். எரிவாயு அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் சிறு கழிப்பறையும் உண்டு. எரிவாயு உருளையின் வாயமைப்பு நாட்டுக்கு நாடு மாறுபடுவதால், முழு உருளைகள் இரண்டை ஊட்ரெக்ட் நகரிலிருந்து புறப்படும்போதே மருமகன் ஏற்றிக்கொண்டார். சாம்பார்ப் பொடி என் துணைவியாரின் பொறுப்பு. வண்டி ஓடும்போது கேரவனுக்குள் மனிதர் இருத்தலாகாது, விலங்குகளையும் விடலாகாது. ஆகவே மணி காரின் பின்னிருக்கையில் வாரால் பிணைக்கப்பட்டு வந்தான். சுந்தரி கூடைக்குள் இருந்து உலகத்தைக் கண்டித்துக்கொண்டே வந்தாள். இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தம்: அவர்களுக்குத் தண்ணீரும் நடையும், எங்களுக்குக் காபி. வெயிலில் நிறுத்திய காரில் நாயை விட்டுச் செல்வது கொலைக்கு ஒப்பாகும். வெளியே 24 டிகிரி இருந்தாலும், மூடிய காருக்குள் அரை மணிக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிடும். இதனால் அருங்காட்சியகங்களுக்கு நாங்கள் இருவர் இருவராகவே சென்றோம்.

வளர்ப்பு விலங்குகளுடன் இவ்வாறு வீட்டோடு உலவுவதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். கப்பற்படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். பிரிஸ்டல் நகரில் ‘வாண்டரர்’ என்னும் பெரிய கூண்டு வண்டியைச் செய்வித்து, இரு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை ஏறத்தாழ 1300 மைல் சென்றார். அவருடன் ‘ஹரிக்கேன் பாப்’ என்னும் பெரிய நாயும் ‘பாலி’ என்னும் கிளியும் சென்றன. அது நிகழ்ந்தது 1885-ஆம் ஆண்டு. அவ்வாண்டை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

பெல்ஜியத்தைக் கடந்து லக்சம்பர்க்கில் மொசெல் ஆற்றங்கரையிலுள்ள ஷெங்கன் என்னும் சிற்றூரில் முதல் இரவைக் கழித்தோம். 1985 ஜூன் 14 அன்று அவ்வாற்றில் நின்ற கப்பல் ஒன்றில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டு, தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்க உடன்பட்டன. அவ்வூரின் பெயரைத் தாங்கிய விசா என் கடவுச்சீட்டில் இருந்தது. அதற்காக வங்கிக் கணக்கு முதல் திருமணச் சான்று வரை நான் காட்டியிருந்தேன். மணிக்கோ விசாவே தேவையில்லை. நெதர்லாந்துக் கால்நடை மருத்துவர் வழங்கிய நீலநிறக் கடவுச்சீட்டு ஒன்று போதும். அதில் அவனுடைய மைக்ரோசிப் எண்ணும், வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாளும் இருந்தன. “அப்பா, உங்களைவிட அவனுக்குத்தான் ஐரோப்பாவில் மதிப்பு அதிகம்” என்று மகள் நகைத்தாள்.

அங்கிருந்து பிரான்சின் அல்சாஸ் பகுதி. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும்போது மருமகன் ஒரு செய்தி சொன்னார். இப்பகுதியைச் சேர்ந்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை வெறிநாய் ஒன்று பல இடங்களில் கடித்துக் குதறியது. அவனுடைய தாய் அவனைப் பாரிசுக்கு அழைத்துச் சென்று லூயி பாஸ்டரிடம் முறையிட்டாள். அதுவரை விலங்குகளிடம் மட்டுமே நன்கு ஆராய்ந்திருந்த தம் தடுப்பு மருந்தை அச்சத்தோடு அச்சிறுவனுக்குச் செலுத்தச் செய்தார் பாஸ்டர். சிறுவன் பிழைத்தான். அந்நாள் 1885 ஜூலை 6. ஸ்டேபிள்ஸ் தம் நாயோடு ஊர்வலம் போன அதே ஆண்டு!

சுவிட்சர்லாந்தின் எல்லையில் காருக்கு ஒன்று, கேரவனுக்கு ஒன்று என இரு சாலைக் கட்டண வில்லைகள் வாங்கினோம். அதிகாரி மணியின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவன் தலையைத் தடவி அனுப்பினார். பெர்ன் நகர அருங்காட்சியகத்தில், பனியில் சிக்கிய நாற்பது பேருக்கு மேற்பட்டோரைக் காத்ததாகப் போற்றப்படும் ‘பாரி’ என்னும் நாயின் உடலைப் பாடம் செய்து வைத்திருக்கின்றனர். அது இறந்தது 1814-இல். அது பணிபுரிந்த செயின்ட் பெர்னார்ட் கணவாய் 2469 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்ட்டினி என்னும் ஊரில் கேரவனை விட்டுவிட்டுக் காரில் ஏறிச் சென்று கண்டோம்.

ஆனால் என் மனத்தில் நிலைத்தது அக்கணவாயன்று. அதன் கீழுள்ள ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கே. ஐரோப்பாவில் வெறிநோயைப் பரப்பியவை பெரும்பாலும் நரிகள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிழக்கிலிருந்து கிளம்பிய நோய், நரிக்கு நரி தாவி, 1967-இல் சுவிட்சர்லாந்தை அடைந்தது. நரிகளைச் சுட்டுப் பார்த்தனர், பயனில்லை. நரியைப் பிடித்து ஊசி போடுவதும் இயலாத செயல். ஆகவே 1978-இல், கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்து, இப்பள்ளத்தாக்கின் வாயிலில் குறுக்கே ஒரு வேலிபோல் பரப்பினர். நரிகள் தின்றன, நோய் அவ்வேலியைத் தாண்டவில்லை. பிறகு அம்முறையைப் பல நாடுகள் மேற்கொண்டு, விமானங்களிலிருந்தும் மருந்து இரைகளைத் தூவின. 1999-இல் சுவிட்சர்லாந்து வெறிநோய் நீங்கிய நாடாயிற்று. அண்டை நாடுகளும் அடுத்தடுத்து விடுபட்டன. மணி ஆறு நாடுகளில் தடையின்றி உலவியது நாய்களின்பால் அம்மக்கள் கொண்ட அன்பினால் மட்டுமன்று என்பதை அங்கே உணர்ந்தேன். அவன் சென்ற சாலையை இருபது ஆண்டு உழைத்துத் துப்புரவு செய்திருக்கிறார்கள்.

இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில் எங்களுக்குச் சோதனை வந்தது. குற்றம் என்னுடையது. மணியைக் கட்டாமல் கேரவனுக்கு வெளியே சோற்றை வைத்துவிட்டு நான் நாளிதழில் மூழ்கினேன். பக்கத்துக் கேரவனிலிருந்த ஜெர்மானியக் குடும்பத்துச் சிறுமி, ஆறு வயதிருக்கும், அவனைத் தடவ வந்து கிண்ணத்தருகே கை நீட்டினாள். மணி கவ்விவிட்டான். விரலில் சிறு கீறல்; இரத்தம் கசிந்தது. எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

என் அச்சத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர்ப் பள்ளியில் நான்காம் வகுப்பில் என் பக்கத்தில் அமர்ந்தவனைத் தெருநாய் ஒன்று கெண்டைக்காலில் கடித்தது. மிளகாய்ப் பொடி அப்பினர். மந்திரித்துக் கயிறு கட்டினர். ஒரு திங்கள் சென்றபின் அவனால் தண்ணீர் குடிக்க இயலவில்லை. தண்ணீரைக் கண்டாலே நடுங்கினான். சில நாளில் போய்விட்டான். குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-லேயே தோன்றியிருந்தது; கசௌலியில் அதற்கும் முன்னே, 1900-இல். மருந்து இருந்தது, அவனிடம் போய்ச் சேரவில்லை. அறுபது ஆண்டு கழிந்தும் அவ்வகுப்பறையின் காலியிடம் என் கண்ணை விட்டு அகலவில்லை.

அச்சிறுமியின் தாய் அலறவில்லை. குழாயடிக்கு அழைத்துச் சென்று சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினாள். என் மகள் நீலப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். தந்தை தடுப்பூசி நாளைப் படித்தார், முகம் தெளிந்தது. மருத்துவர் காயத்தைத் தூய்மை செய்து அனுப்பினார். நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர் கூறினார். கடித்த நாய் பத்து நாள் நலமாக இருந்தால், கடித்தபோது அதன் உமிழ்நீரில் நோய்க்கிருமி இருக்கவில்லை என்பது உறுதி. நாங்கள் பயணத்திட்டத்தை மாற்றிக்கொண்டு அங்கேயே தங்கினோம்.

அப்பத்து நாளும் எனக்கு உறக்கம் குறைவு. தடுப்பூசி போட்ட நாய்தான் என்று அறிவு சொல்லும், நெஞ்சு கேட்காது. ஒவ்வொரு காலையும் மணி தண்ணீர் குடிக்கிறானா என்று எழுந்து பார்த்தேன். மாலையில் மணல் ஈக்கள் கிளம்பும் நேரத்தில் அவனை உள்ளே சேர்த்தோம். நடுநிலக்கடற் பகுதியில் அவ்வீக்கள் நாய்களுக்குப் பரப்பும் நோய், பீகாரிலும் வங்காளத்திலும் வாழும் நம்மவர் அறிந்த காலா அசாரின் உறவு. சிறுமியும் நாள்தோறும் வந்து, எட்ட நின்று மணிக்குக் கையசைத்தாள். பதினோராம் நாள் மருத்துவர் விடை கொடுத்தார். என் துணைவியார் கேசரி கிளறி அக்குடும்பத்துக்கு அளித்தார். “மன்னிக்க வேண்டும்” என்று நான் மீண்டும் சொன்னேன். “குழந்தைக்கும் சொல்லித்தந்திருக்க வேண்டும், உண்ணும் நாயைத் தொடக்கூடாதென்று” என்றார் அத்தந்தை.

திரும்பும் வழியில் பிரான்சின் தோல் என்னும் ஊரில் நின்றோம். பாஸ்டர் 1822-இல் பிறந்த சிறிய வீடு அங்கே கால்வாய்க் கரையில் இருக்கிறது. தந்தை தோல் பதனிடுபவர். நாயுடன் உள்ளே செல்ல வேண்டாம் என்று நான் வெளியே நின்றுகொண்டேன். புனேத் தெருவில் பிறந்த மணி, அவ்வீட்டு வாசலில் கால் நீட்டிப் படுத்துக் கொட்டாவி விட்டான்.

துணைவியாரின் வினாவுக்கு விடையை அங்கேயே சொன்னேன். நம் நாட்டில் வெறிநோயால் ஆண்டுதோறும் இன்றும் ஆயிரக்கணக்கானோர் இறக்கின்றனர். அவர்களில் குழந்தைகள் பலர். அதனால்தான் மணி நான்கு திங்கள் பேருந்து நிற்குமிடத்தில் காத்து நின்றான். அவர்கள் நம்மை இழிவு செய்யவில்லை. நாம் இன்னும் முடிக்காத பணியை நினைவூட்டினார்கள். நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிவு. 2030-க்குள் நாய்களால் பரவும் இந்நோயை ஒழிப்பதென்று நம் அரசும் 2021-இல் திட்டம் வகுத்துள்ளது. காட்டு நரிக்கே வழி கண்டார்கள். நம் தெருநாய் நாம் கூப்பிட்டால் வருகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நம் சங்கத்தின் சார்பில் கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து, நாம் வாழும் தெருக்களின் நாய்களுக்கு ஊசி போடச் செய்வோம். வேற்றூரில் வாழ்கிறோம் என்று ஒதுங்க வேண்டா. நம் பிள்ளைகள் விளையாடுவது இத்தெருக்களில்தான். யாரையேனும் நாய் கடித்தால், காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் மறைந்துவிட்டது. இன்று கையிலேயே சில ஊசிகள். ஒன்றையும் விடாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

மணி நலம். மகள் வேலையிலிருந்து வரும் டிராம் நிற்குமிடத்தில் இப்பொழுதும் மாலை ஆறு மணிக்கு நிற்கிறானாம். அவள் நாள்தோறும் வந்து இறங்குகிறாள்.