கொள்ளுப்பாட்டியின் சீனத் தோடு: எடைக்குப் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய 5 விஷயங்கள்

சென்னையில் ஆபரணத் தங்கம் 2025 டிசம்பரில் பவுன் 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. விலை இப்படி ஏறும்போது, பீரோவில் சும்மா கிடக்கும் பழைய நகையை எடைக்குப் போட்டுடலாமேன்னு தோன்றுவது இயல்புதான். ஆனால் கோட்டையூர், காரைக்குடி பக்கம் கொள்ளுப்பாட்டி காலத்துக் கல் வைத்த சீனத் தோடு ஒரு வீட்டில் இருந்தால், கொஞ்சம் பொறுங்க. உருக்கிட்டா திரும்பி வராது.

செட்டிநாட்டுக்குச் சீன நகை எப்படி வரும்?

19-ம் நூற்றாண்டிலிருந்தே நகரத்தார் லேவாதேவித் தொழிலுக்காக ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று போனார்கள். அதே ஊர்களில் சீனப் பொற்கொல்லர்களும் கடை வைத்திருந்தார்கள். உலகப் புகழ்பெற்ற மாணிக்கம் கிடைக்கும் மோகோக் சுரங்கமும் பர்மாவில்தான் இருக்கிறது. ஊர் திரும்பியவர்களின் பெட்டியில் அந்த ஊர் நகையும் வந்திருக்க வாய்ப்பு உண்டு.

எதைக் கவனிக்கணும்?

தோட்டின் பின்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சீனப் பொற்கொல்லர்கள் கடைப் பெயரையும் தங்கத்தின் தரத்தையும் சீன எழுத்தில் சிறு முத்திரையாகக் குத்துவது வழக்கம்.

அந்தச் சின்ன எழுத்துக்கு என்ன மதிப்பு? சீனாவின் ஹூபே மாகாணத்தில் 2001-ல் மிங் வம்ச இளவரசர் ஒருவரின் கல்லறையைத் தோண்டினார்கள். மாணிக்கமும் நீலக்கல்லும் பதித்த தங்க நகைகளோடு ஒரு தங்கக் கட்டியும் கிடைத்தது. 1419-ல் 'மேற்குக் கடல்' நாடுகளில் வாங்கிய பொன் என்று அதில் பொறித்திருந்தது. கோழிக்கோடு வரை சீனக் கப்பல்கள் வந்துபோன காலம் அது. அந்த ஒரு வரியால்தான் தங்கம் எந்தப் பக்கத்திலிருந்து போனது என்று தெரிந்தது.

எடைக்குப் போட்டால் என்ன நஷ்டம்?

எடைக்கு எடுக்கும்போது பொதுவாகக் கல் எடையைக் கழித்துவிட்டு, தங்கத்துக்கு மட்டும்தான் காசு. கல்லைப் பெயர்க்கும்போது உடையலாம். உருக்கினால் முத்திரை, வேலைப்பாடு எல்லாமே போச்சு.

அதுக்காகப் பழைய சிவப்புக் கல்லெல்லாம் பர்மா மாணிக்கம்னு நம்பிடவும் கூடாது. செயற்கை மாணிக்கம் 1900-களின் தொடக்கத்திலேயே சந்தைக்கு வந்துவிட்டது. அதனால் நூறு வருஷத் தோட்டிலும் செயற்கைக் கல் இருக்கலாம். ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ்தான் இதற்குத் தீர்வு.

சட்டம் என்ன சொல்லுது?

1972-ம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத கலை வேலைப்பாட்டுப் பொருள் 'தொல்பொருள்' ஆகலாம். அது எந்த நாட்டில் செய்தது என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. தொல்பொருளைத் தனிநபர்கள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குக் கொடுத்து அனுப்ப நினைப்பவர்கள், அது தொல்பொருளா இல்லையா என்பதை முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் உறுதி செய்துகொள்வது பாதுகாப்பு.

வரி உண்டா?

உண்டு. பரம்பரை நகையை விற்றால் வரும் லாபத்துக்கு 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரி. 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்தில் இருந்த நகை என்றால், அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் காட்டலாம்.

அப்போ என்ன பண்றது?

* முன்பக்கம், பின்பக்கம், முத்திரை மூன்றையும் தெளிவாகப் படம் எடுங்கள்.
* யார் போட்டது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.
* கல்லைத் தனியாகப் பரிசோதித்த பிறகே விலை பேசுங்கள்.

பழசுக்கு மதிப்பு உண்டு என்பதைக் கோட்டையூருக்கு யாரும் புதுசா சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த பழைய புத்தகங்களும் இதழ்களும்தான், அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, சென்னையில் இன்று ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அவற்றையும் எடைக்குப் போட்டிருக்கலாம்தான்.