சுமைகூலியும் கொல்லையில் நிற்கும் வண்டியும்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். மளிகைக் கடை நடத்துகிறவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒரு மூட்டையில் நமக்கு நிற்கும் லாபம் எவ்வளவு, அந்த மூட்டை கடை வாசலில் வந்து இறங்க நாம் கொடுக்கும் வாடகை எவ்வளவு என்று நோட்டைப் புரட்டினாலே பொருள் விளங்கிவிடும்.

வேப்பூர் வட்டாரத்துக் கடைக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். ஊர் என்னவோ கூட்டுரோட்டில்தான் இருக்கிறது. சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையும் சேலம் - விருத்தாசலம் சாலையும் சந்திக்கும் இடம். பெரிய லாரிகள் இரவு பகலாக நம்மைத் தாண்டிப் போகின்றன. ஆனால் பத்து மூட்டை பருப்புக்கும் ஐந்து மூட்டை ஜவ்வரிசிக்கும் எந்த லாரியும் நம் கடை முன் நிற்பதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்தும் விருத்தாசலத்திலிருந்தும் சிறிய அளவில் சரக்கு எடுப்பவர்கள் வாடகை வண்டியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அதே நேரத்தில், கிடங்கின் பின்புறத்தைப் பார்த்தால் ஒரு பழைய பிக்கப் வண்டி முருங்கை மரத்தடியில் நிற்கிறது. டயர் இறங்கி, கதவு துருவேறி, எலி குடியிருக்கும் வண்டி. பழைய இரும்புக்காரர் விலை கேட்டுவிட்டுப் போகிறார். விற்றுவிடலாமா, பழுது பார்த்து ஓட்டலாமா? நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காகிதம் சுத்தமாக இருந்து, சேசிஸ் உறுதியாக இருந்து, மாதத்துக்குப் போதிய நடையும் இருந்தால் அந்த வண்டியைப் பழுது பார்ப்பதே சிறு வணிகருக்கு லாபம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பழுது பார்ப்பது வீண் செலவு.

நம் பக்கத்தில் இன்று இப்படி நிற்கும் வண்டிகளில் பல, மக்கள் 'குட்டியானை' என்று பெயர் வைத்த டாடா ஏஸ் வகையைச் சேர்ந்தவை. 2005ஆம் ஆண்டில் அந்த வண்டி சந்தைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், முக்கால் டன் பாரம். மூன்று சக்கர வண்டிக்கும் லாரிக்கும் நடுவே சிறு வணிகருக்கென்று ஒரு வண்டி இல்லாத குறையை அது தீர்த்தது. ஆரம்ப ஆண்டுகளில் வாங்கிய வண்டிகளுக்கு இப்போது 20 வயது ஆகிறது. 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்ற பழமொழி இந்தக் குட்டியானைக்குப் பொருந்துமா என்பதை உணர்ச்சியால் அல்ல, கணக்கால் முடிவு செய்ய வேண்டும்.

முதல் வேலை மெக்கானிக்கிடம் அல்ல, காகிதத்தில். ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? வண்டியில் அடித்துள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் அதில் உள்ளபடியே இருக்கின்றனவா? கடன் கட்டி முடித்தும் எச்.பி. நீக்காமல் விட்டிருக்கிறோமா? நீக்க வேண்டுமானால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் வேண்டும். வரி பாக்கி, பசுமை வரி, அபராதச் சலான் எவ்வளவு நிற்கிறது? இவற்றைக் கூட்டிப் பார்க்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது. வண்டியின் மதிப்பைவிடப் பாக்கி அதிகமானால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

பழைய வண்டியை வெளியில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பெயர் மாற்றாமல் ஓட்டுவது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. வண்டியைக் கைமாற்றி விட்டு நிம்மதியாக உறங்குகிற வணிகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காகிதம் சரியென்றால் அடுத்தது சேசிஸ். வண்டிக்கு முதுகெலும்பு அதுதான். எஞ்சின் போனால் மாற்றலாம், கதவு போனால் மாற்றலாம். சேசிஸ் அரித்துப் போன வண்டியில் போடும் ஒவ்வொரு ரூபாயும் ஆற்றில் போட்டதற்குச் சமம். நம் தொழிலுக்கென்றே சில துருக்கள் உண்டு. உப்பு மூட்டை ஏற்றிய வண்டியில் கசிந்த உப்புநீர் பலகையின் இடுக்கு வழியாக இறங்கி, குறுக்குச் சட்டங்களையும் பட்டைகளையும் தின்றுவிடும். உர மூட்டையும் அப்படித்தான். வேப்பூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு நடை அடித்த வண்டி என்றால் ஆட்டு மூத்திரம் அதே வேலையைச் செய்திருக்கும். ஆகவே மேலே பெயிண்ட் பளபளப்பதைப் பார்க்காமல், வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். சிறு சுத்தியலால் சட்டம் நெடுகத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு 'பொத்' என்று சொல்லும், பொருக்கு உதிரும். ஓரிரு குறுக்குச் சட்டம் போயிருந்தால் வெல்டிங் வைக்கலாம். நீளச் சட்டத்தில் விரிசல் கண்டால் விட்டுவிடலாம்.

சேசிஸ் தேறினால், அடுத்த செலவு உயிரைக் காக்கும் பகுதிகளுக்கு: பிரேக், ஸ்டியரிங், டயர், ஒயரிங். நின்ற வண்டியின் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மாஸ்டர் சிலிண்டரையும் வீல் சிலிண்டரையும் துருப்பிடிக்க வைத்திருக்கும். ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது, ரப்பர் கிட் முழுவதும் மாற்ற வேண்டும். டயரில் பட்டன் இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். வெயிலில் நின்று வெடிப்பு விட்ட டயர் பாரத்தோடு நெடுஞ்சாலையில் ஓடும்போது வெடிக்கும். ரீசோல் டயர் போட்டே ஆக வேண்டுமென்றால் பின் சக்கரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், முன் சக்கரத்துக்குக் கூடாது. எலி கடித்த ஒயரை டேப் சுற்றி ஓட்டுவது கிடங்குக்குள் தீயை அழைத்து வருவதாகும்.

எஞ்சின் நான்காவதாகத்தான் வருகிறது. பல ஆண்டு நின்ற வண்டியில் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகுவது பெரும் தவறு. பழைய டீசலை இறக்கி, டேங்கைக் கழுவி, டீசல் பில்டர், எஞ்சின் ஆயில், ஆயில் பில்டர் ஆகியவற்றை மாற்றி, ரேடியேட்டரில் நல்ல நீர் ஊற்றி, முதலில் எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் ஸ்டார்ட் செய்யலாம். பிறகு புகை பேசும். கரும்புகை என்றால் ஏர் பில்டர் அடைப்போ நாசில் கோளாறோ இருக்கும், டீசல் பம்ப் பட்டறையில் முடிந்துவிடும். நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, எஞ்சினைப் பிரிக்க நேரலாம். சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

எஞ்சினே மாற்ற வேண்டியிருந்தால் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைக்கும். ஆனால் பில் இல்லாத எஞ்சின் வேண்டாம். மாற்றும் முன் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று, புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் எப்.சி.யும் கிடைக்காது, விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் தகராறு வரும்.

பெயிண்ட் கடைசி. துருவைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு அடித்து, கடைப் பெயரை எழுதினால் போதும். கையில் 100 ரூபாய் இருந்தால் 20 காகிதத்துக்கு, 25 சேசிஸுக்கும் பட்டைக்கும், 30 பிரேக், டயர், ஒயரிங்குக்கு, 15 எஞ்சினுக்கு, 10 பெயிண்டுக்கு என்று பிரிப்பது நம் ஆலோசனை. பலர் செய்வது தலைகீழ். பெயிண்டில் தொடங்கிப் பிரேக்குக்கு வரும்போது பணம் தீர்ந்துவிடுகிறது.

'எப்படியும் பட்டறைக்குப் போகிறோம், இரண்டு பட்டை கூட்டிவிடுவோம்' என்று சிலர் நினைப்பார்கள். பட்டை கூட்டினால் சட்டப்படியான பாரம் கூடாது. முக்கால் டன் என்பது 50 கிலோ மூட்டையில் 15, 25 கிலோ சிப்பத்தில் 30. அதற்கு மேல் பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 வீதம் ஏறும். அதுமட்டுமல்ல, பட்டை கூட்டிய வண்டி அரைப் பாரத்தில் தூக்கித் தூக்கிப் போடும். விருத்தாசலத்திலிருந்து பீங்கான் ஜாடியும் அகல் விளக்கும் ஏற்றிவந்தால் வைக்கோல் சுற்றியிருந்தும் உடைசல்தான் மிஞ்சும்.

இனி கணக்கு. ஒரு நடைக்கு வாடகை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 8 நடை என்றால் 12,000. சொந்த வண்டியில் நடைக்கு டீசல் 500 வீதம் 4,000. இன்சூரன்ஸ், எப்.சி., டயர், பழுது ஆகியவற்றுக்கு மாதம் 4,000 ஒதுக்கினால் மீதி 4,000 ரூபாய். பழுது பார்க்க 1,20,000 ஆனால் 30 மாதத்தில் போட்ட பணம் திரும்பும். மாதம் 3 நடைதான் என்றால் வாடகை 4,500, சொந்த வண்டிச் செலவு 5,500. வண்டி வைத்திருப்பதே நஷ்டம். ஓட்டுநர் சம்பளம் சேர்ந்தால் கணக்கு இன்னும் மாறும். கார் ஓட்டும் இலகுரக வாகன உரிமம் உள்ளவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6இல் உறுதி செய்திருப்பது, தாமே ஓட்டும் கடைக்காரர்களுக்கு நல்ல செய்தி. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட்டும் தேவையில்லை.

நடை குறைவாக உள்ளவர்கள் என்ன செய்வது? ஒரே தெருவில் மூன்று கடை சேர்ந்து ஒரு வண்டியைத் தேற்றலாம். யாருக்கு எந்த நாள், டீசல் யார் கணக்கு, டயர் யார் கணக்கு என்பதை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். பிறர் சரக்கும் ஏறும் என்பதை இன்சூரன்ஸ்காரரிடம் மறைக்கக் கூடாது. உதிரிபாகம் வாங்கும்போது ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்க வேண்டும். தொழிலுக்குப் பயன்படும் சரக்கு வண்டிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கத் தடையில்லை. இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் அது கிடையாது.

புது வண்டி வாங்கலாமே என்பாரும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். மாதம் 20 நடை உள்ள மொத்த வியாபாரி புது வண்டி வாங்குவதே சரி. ஆனால் மாதத் தவணை என்பது மழை பெய்தாலும் கடை அடைத்தாலும் வந்து நிற்கும் விருந்தாளி. சிறு கடைக்காரர் யோசித்தே ஆக வேண்டும்.

இங்கே அரசுக்கும் ஒரு வார்த்தை. 15 வயதான வண்டி தானாகவே ஓட்டத் தகுதி இழந்துவிடும் என்ற வதந்தி நம்மிடையே பரவியிருக்கிறது. அது அரசுத் துறை வண்டிகளுக்கு 2023 ஏப்ரலில் வந்த விதி. 10 ஆண்டு டீசல் வண்டிக் கட்டுப்பாடு தில்லி வட்டாரத்துக்கு உரியது. நம் வண்டி எப்.சி.யில் தேறினால் ஓடலாம். 8 ஆண்டு கடந்த வண்டியை ஆண்டுதோறும் காட்ட வேண்டும், அவ்வளவே. ஆனால் 2022 ஏப்ரல் முதல் 15 வயது கடந்த இலகுரகச் சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்றுக் கட்டணம் 7,500 ரூபாய் ஆக்கப்பட்டது. 2025 நவம்பரில் 20 வயது கடந்தவற்றுக்கு மேலும் உயர்த்தப்பட்டது. புகை கக்கும் வண்டியும் பிரேக் பிடிக்காத வண்டியும் சாலைக்கு வரக் கூடாது என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. சோதனை கடுமையாகட்டும், வரவேற்கிறோம். ஆனால் சோதனையில் தேறிய வண்டிக்கும் வயதை மட்டும் பார்த்துத் தண்டம் போல் கட்டணம் வாங்குவது நியாயமல்ல. தகுதியைப் பார்த்துச் சான்று கொடுங்கள், பிறந்த ஆண்டைப் பார்த்துப் பணம் கேட்காதீர்கள். மே 5 வணிகர் தின மேடைகளில் நம் சங்கங்கள் இந்தக் கோரிக்கையையும் சேர்த்து முழங்க வேண்டும்.

தேறாத வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுவோம். அதை எடைக்குப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால், ஆர்.சி. நம் பெயரில் நிற்கும், அதன் எண் எங்கோ வேறு வண்டியில் ஓடும். அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து வைப்புச் சான்று வாங்கி, பதிவையும் ரத்து செய்ய வேண்டும். அந்தச் சான்றைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை.

வணிக நண்பர்களே, கொல்லையில் நிற்கும் வண்டி சொத்தாகவும் இருக்கலாம், சுமையாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் நிறுத்தி வைப்பதுதான் நஷ்டம். இந்த வாரக் கடை விடுமுறையில் ஆர்.சி. புத்தகத்தையும் ஒரு சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அதனருகே போங்கள். அரை நாளில் விடை தெரிந்துவிடும்.