தெரிந்தவர் ஒருவரும் இல்லையே!



யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் வணிகத் துறையில் பட்டம் பெற்று, ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறாளாம். "கணக்காளராக வர ஆசைப்படுகிறாள். எங்கட ஆக்களில் அந்தத் துறையில் ஒருவரையும் தெரியாது. புத்தளத்திலிருந்து திரும்பி வந்த எங்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? சிபாரிசுக்கு யாரிடம் போவது?" என்று கேட்கிறார்.

சகோதரியே, முதலில் அந்தச் சிபாரிசு என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சிபாரிசு செய்பவர் வேலையைக் கேட்டு வாங்கித் தருகிறார். அதனால் தகுதியுள்ள வேறொரு பிள்ளையின் இடம் பறிபோகலாம். வழிகாட்டி அப்படியல்ல. "இந்தப் பிள்ளையை ஒருமுறை பார்த்துப் பேசுங்கள்" என்று இன்னொருவருக்கு அறிமுகம் செய்வதோடு அவர் வேலை முடிந்தது. மிச்சம் பிள்ளையின் திறமை.

அடுத்தது, 'எங்கட ஆக்கள்' என்ற சொல். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. தெரிந்தவர் மூலம் உத்தியோகம் கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று விசாரித்தார். அடிக்கடி சந்திக்கும் ஒருவர் மூலம் கிடைத்தது என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். 56 பேருக்கு எப்போதாவது சந்திப்பவர் மூலமும், 28 பேருக்கு மிக அரிதாகச் சந்திப்பவர் மூலமும் கிடைத்திருந்தது. (அவர் விசாரித்தது ஆண்களை மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) காரணம் எளிது. நம் மாமிக்கும் சாச்சாவுக்கும் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வேறு தெருவிலிருந்துதான் வர வேண்டும்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் 1990இல் இழந்தவற்றில் இதுவும் ஒன்று. அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி உஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். வீடும் நகையும் போனதைப் பலரும் எழுதிவிட்டார்கள். படிப்பித்த ரீச்சர், வாப்பாவின் கடைக்கு வந்துபோன வங்கி உத்தியோகத்தர், பக்கத்துத் தெரு டொக்டர் அம்மா என்று பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய மனிதர்கள் போனதைக் கணக்கெடுத்தவர் யார்? புத்தளத்து முகாம்களில் எஞ்சியது உறவு மட்டும். உறவு பசிக்குச் சோறு போடும். வங்கி முகாமையாளரை அறிமுகப்படுத்த அதனிடம் ஆள் இல்லை.

முன்பு இந்த ஊர் எப்படி இருந்தது என்பதற்கு மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களைச் சொல்லலாம். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். சட்டத்தரணியின் மகன், ஆகவே வசதியற்ற வீட்டுப் பிள்ளை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் படித்தது இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும். 1935இல் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே. 1942இல், யுத்தகால உணவு உற்பத்திக்காக அவரைக் கல்முனைக்கு அனுப்பினார்கள். கல்முனைக்கு அடுத்த காரைதீவு சுவாமி விபுலானந்தர் பிறந்த ஊர். வயதில் ஏறத்தாழ இருபது ஆண்டு மூத்த அந்தத் துறவியின் நட்பு, இளம் அதிகாரியைத் தமிழின் பக்கமும் கல்விப் பணியின் பக்கமும் இழுத்தது. அந்த ஆண்டே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் எழுந்தது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. 1948இல் சிவில் சேவையையே விட்டு, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார் அஸீஸ். கரவெட்டியில் பிறந்த கார்த்திகேசு சிவத்தம்பி படித்ததும் பின்னர் படிப்பித்ததும் அந்த ஸாஹிராவில்தான். வண்ணார்பண்ணை முஸ்லிம் பையனுக்கு இந்துக் கல்லூரி, கரவெட்டி இந்துப் பையனுக்கு ஸாஹிரா!

"இதெல்லாம் ஆண்களின் கதை, எங்களுக்குக் கச்சேரியும் இல்லை, கடைத்தெருவும் இல்லை" என்பீர்கள். உண்மைதான். ஆனால் உங்கள் மகளுக்குப் பல்கலைக்கழகம் இருந்ததே! அங்கே படிப்பித்த விரிவுரையாளர்களில் ஒருவருக்காவது அவள் முகம் நினைவிருக்கும். தொழில் வழிகாட்டல் அலகும் உண்டு. கணக்கியல் துறையில் இன்னொரு வசதி: பட்டயக் கணக்காளராக வர விரும்புபவர் பரீட்சையோடு, அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்றில் பயிற்சியும் பெற வேண்டும். மூத்தவர் ஒருவரின் கீழ் வேலை பழகுவது அந்தப் படிப்பிலேயே சேர்ந்திருக்கிறது.

மகள் அந்த விரிவுரையாளருக்கு எழுதட்டும். வேலை கேட்டு அல்ல. "இந்த ஆண்டு உங்களிடம் படித்தேன், கணக்காய்வில் பயிற்சி பெற விரும்புகிறேன், எந்த நிறுவனங்களில் விசாரிக்கலாம் என்று பதினைந்து நிமிடம் ஆலோசனை கேட்க வரலாமா?" அவ்வளவு போதும். வேலை கேட்டால் 'இல்லை' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆலோசனை கேட்டால் பெரும்பாலும் இரங்குவார்கள். திரும்பும்போது, "வேறு யாரைச் சந்திக்கலாம்?" என்று ஒரு பெயர் கேட்டு வரட்டும்.

சந்தித்த பிறகு என்ன நடந்தது என்று அவருக்கு அறிவிக்க மறக்கக் கூடாது. நான் மறந்தேன். இளம் வயதில் ஓர் ஆசிரியை என்னை ஒரு பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் அவரிடம் திரும்பிப் போகவில்லை. மாதங்கள் கழித்து யார் மூலமோ அறிந்து, "நல்லது" என்று மட்டும் சொன்னாராம். அந்த ஒற்றைச் சொல் இன்னும் உறுத்துகிறது.

ஓர் எச்சரிக்கை. உதவி என்று சொல்லிப் பணம் கேட்பவர், இரவில் தொலைபேசியில் அழைப்பவர், அலுவலகத்துக்கு வெளியே தனியே வரச் சொல்பவர் வழிகாட்டி அல்லர். மகள் தயங்காமல் விலகட்டும். உங்களிடம் சொன்னால் அவளைக் கோபிக்காதீர்கள். பெண் கணக்காளர் ஒருவரைக் கண்டுபிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள், தவறில்லை. ஆனால் வெளியே கதிரையில் இருங்கள். உள்ளே பேசுவது அவளாக இருக்கட்டும். பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.