பெயர்ப் பலகையில் ஒரே ஒரு சொல்... சீனாவைக் கொதிக்க வைத்த லிதுவேனியா - தைவான் நட்பு! நடந்தது என்ன?

ஒரு அலுவலகத்தின் பெயர்ப் பலகை. அதில் ஒரே ஒரு சொல். அதற்காகத் தூதர் திரும்ப அழைக்கப்பட்டார், சரக்குகள் தேங்கின, விவகாரம் உலக வர்த்தக அமைப்பு வரை போனது. அந்தச் சொல், 'தைவான்'.

லிதுவேனியா ஐரோப்பாவில் சுமார் 28 லட்சம் பேர் வாழும் குட்டி நாடு. தைவான் அங்கிருந்து சுமார் 8,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தீவு. இவர்களுக்குள் அதிகாரப்பூர்வ தூதரக உறவே கிடையாது. பிறகு எப்படி இவ்வளவு பெரிய பிரச்னை?

தூதரகம் இல்லாத உறவு எப்படி?

தைவான் தங்கள் நாட்டின் ஒரு பகுதி என்கிறது சீனா. 'எங்களோடு தூதரக உறவு வேண்டுமா? தைவானுடன் அது கூடாது' என்பதுதான் பெய்ஜிங்கின் நிபந்தனை. 2024 ஜனவரியில் நவ்ரு கைவிட்ட பிறகு, தைவானை அங்கீகரித்த நாடுகள் 12 ஆகக் குறைந்தன.

ஆனால் வியாபாரம் நடக்கணும், விசா கொடுக்கணும் இல்லையா? அதற்குத்தான் 'பிரதிநிதி அலுவலகம்' என்ற ஏற்பாடு. செய்வதெல்லாம் தூதரக வேலை, பெயரில் மட்டும் தூதரகம் இருக்காது. பெரும்பாலான நாடுகளில் 'தைவான்' என்ற சொல்லும் இருக்காது. தலைநகரின் பெயரான 'தைபே'தான் இருக்கும். சீனாவும் இதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

லிதுவேனியா செய்தது என்ன?

2021 நவம்பர் 18-ல் தலைநகர் வில்னியஸில் தைவானின் அலுவலகம் திறக்கப்பட்டது. அதில் 'தைபே' இல்லை, 'தைவான்' இருந்தது. ஐரோப்பாவில் அந்தப் பெயரோடு திறக்கப்பட்ட முதல் அலுவலகம் இதுதான்.

1990-ல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலையை முதலில் அறிவித்த குடியரசு லிதுவேனியா. பெரிய நாட்டின் அழுத்தம் என்றால் என்னவென்று அனுபவித்த நாடு. 2020 இறுதியில் அமைந்த அரசு, ஜனநாயக மதிப்புகளே வெளியுறவுக் கொள்கையின் அடிப்படை என்றது. கொரோனா காலத்தில் தைவானுக்கு 20,000 டோஸ் தடுப்பூசி தருவதாகவும் அறிவித்தது.

சீனாவின் பதிலடி

அலுவலகம் திறக்கும் முன்பே, 2021 ஆகஸ்ட்டில் தன் தூதரைத் திரும்ப அழைத்தது சீனா. திறந்த மூன்றாவது நாள் உறவின் தரத்தைக் குறைத்தது. டிசம்பரில் சீன சுங்கத்துறையின் கணினிப் பட்டியலில் இருந்தே லிதுவேனியா காணாமல் போனது. அதாவது, சரக்கு போனாலும் உள்ளே விட வழியில்லை.

லிதுவேனியாவின் ஏற்றுமதியில் சீனாவின் பங்கு சுமார் 1 சதவீதம்தான். ஆனால் சிக்கல் அங்கே நிற்கவில்லை. லிதுவேனியாவில் தயாரான பாகங்களைப் பயன்படுத்தும் ஜெர்மனி நிறுவனங்களுக்கும் நெருக்கடி வந்தது. 2022 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பை நாடியது. 2024 ஜனவரியில் அந்த நடவடிக்கை நிறுத்தி வைக்கப்பட்டது.

தைவான் என்ன செய்தது?

சீனாவுக்குப் போக வேண்டிய 20,400 பாட்டில் லிதுவேனிய ரம்மை, தைவானின் அரசு மதுபான நிறுவனம் வாங்கியது. 20 கோடி டாலர் முதலீட்டு நிதி, 100 கோடி டாலர் கடன் நிதி என அடுத்தடுத்து அறிவிப்புகள் வந்தன. 2022-ல் தைபேயில் லிதுவேனியாவும் வர்த்தக அலுவலகம் திறந்தது. ஆனாலும், சொன்ன அளவுக்குப் பலன் வந்து சேரவில்லை என்ற விமர்சனம் லிதுவேனியாவில் எழுந்தது.

அலுவலகம் திறந்தது தவறல்ல, பெயர் வைத்த விதம்தான் தவறு என்று 2022-லேயே சொன்னார் அதிபர் கீதனாஸ் நவுசேதா. 2024 தேர்தலில் ஆட்சி மாறியது. சீனாவுடன் மீண்டும் தூதர் அளவில் உறவை ஏற்படுத்த விரும்புவதாகப் புதிய அரசு சொன்னது.

சென்னையிலும் இருக்கிறது

இந்தியாவுக்கும் தைவானுக்கும் அதிகாரப்பூர்வ தூதரக உறவு இல்லை. ஆனால் டெல்லியிலும், 2012 முதல் சென்னையிலும் அதன் அலுவலகம் இயங்குகிறது. பெயர், 'தைபே பொருளாதார, கலாசார மையம்'. தைபேயில் இருக்கும் நம்முடைய அலுவலகத்தின் பெயர், 'இந்தியா - தைபே சங்கம்'. இரண்டிலும் 'தைவான்' கிடையாது.

அந்த ஒரு சொல்லை எழுதாமல் விட்டால் எல்லா வேலையும் நடக்கும். எழுதினால் என்ன விலை என்பதைத்தான் லிதுவேனியா காட்டியிருக்கிறது.